நைனா பேரில் ஒரு கோயில்

நம் காலனியில் என்னோடு வளர்ந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். ஒருத்தி சித்தூரில் மகன் வீட்டில், ஒருவன் நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு, நான் திருப்பதியில் டீச்சர் பென்ஷன் வாங்கிக்கொண்டு. ஊருக்குப் போகும்போதெல்லாம் பேரப்பிள்ளைகளிடம் நம் கோயில் சுவரைக் காட்டி, "இதுக்கு நான் மணல் சுமந்தேன்" என்று சொல்கிறீர்கள். உண்மைதான், சுமந்தோம். பாவாடையை மடித்துப் பிடித்து ஆற்று மணலை அள்ளிக்கொண்டு, பாதியை வழியிலேயே சிந்திக்கொண்டு ஓடினோம். ஆனால் அந்தக் கோடையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் நான் சொல்லப்போகிறேன்.

முதலில் நமக்குக் கோயிலே இல்லை. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு ஒரு கீற்றுக்கொட்டகை. மூங்கில் தூணில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டியிருப்பார்கள், அதுதான் மணி. ஊர்க்காரர்கள் அதை இரண்டு தடவை பிரித்துப் போட்டார்கள். ஒரு தடவை ஏரி நிலம் என்றார்கள், இன்னொரு தடவை மணிச் சத்தத்தில் மாடு மிரள்கிறது என்றார்கள். இரண்டு தடவையும், நமக்கு ஜெபம் நடத்தி வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் கீற்றைத் தலையில் சுமந்து வந்து மறுபடி வேய்ந்தார். அவருக்கு அந்தக் கொட்டகைதான் எல்லாமும். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பின்னால் அவர் எங்களுக்குச் செய்ததை நினைக்கும்போது, அந்த மனுஷர் தலையில் கீற்றோடு நடந்து வந்ததும் சேர்ந்தே எனக்கு ஞாபகம் வருகிறது. முழுசாக வெறுக்கவும் முடியவில்லை.

என் நைனா பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை தகரப்பெட்டியோடு வருவார். பெட்டியைத் திறந்தால் ரசகற்பூர உருண்டையும் மஞ்சள் சோப்பும் கலந்த ஒரு வாசனை. எனக்குக் கெட்டியான பட்டாளத்து பிஸ்கட். அதைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் தின்ன முடியும். தப்பு மேளம் மாதிரி முழங்கும் குரல் அவருக்கு, காலனியின் அந்தக் கோடியில் பேசினால் இந்தக் கோடியில் கேட்கும்.

எனக்கு எட்டு வயசு இருக்கும்போது சண்டை வந்தது. சண்டை முடிந்த பிறகு தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் உபதேசியார்தான் படித்தார். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா போட்டிருக்குது ஐயா?" என்று அம்மா கேட்டாள்.

"காணோம்னு போட்டிருக்குதும்மா. செத்திருப்பாருன்னு நம்பறாங்களாம்."

"காணோம்னா காணோம்தானே? செத்துட்டாருன்னு ஏன் சொல்றீங்க?"

"பட்டாளத்துல காணோம்னா அதாம்மா அர்த்தம்."

அம்மா அழவில்லை. அடுப்பில் களி தீய்ந்துகொண்டிருந்தது, போய்க் கிளறினாள். மற்ற பெண்கள்தான் அழுதார்கள்.

கொஞ்ச நாள் கழித்துக் கலெக்டர் வந்தார். நம் தெருவுக்குள் ஜீப் வந்தது அதுதான் முதல் தடவை. ஊர்ப் பெரிய மனுஷர்களும் பின்னாலேயே வந்தார்கள், அவர்கள் நம் தெருவில் கால் வைத்ததும் அதுதான் முதல் தடவை. காலனியில் நாற்காலி இல்லாததால் ஊரிலிருந்தே ஒன்றைத் தூக்கி வந்தார்கள். கலெக்டர் அதில் உட்காரவில்லை. அம்மாவுக்கு முன்னால் நின்று தெலுங்கில் ஏதோ கேட்டார். கூட வந்தவர் தமிழில் சொன்னார்: "உனக்கு இன்னா வேணும்னு கேக்கறாரும்மா. தைரியமா கேளு."

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் உபதேசியார் கை கூப்பிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"எங்களுக்கு ஒரு கோயில் வேணும் சார். நாட்டுக்காகச் செத்த எங்க புள்ளை பேருல ஒரு கோயில். எடம் குடுத்தா போதும், நாங்களே கட்டிக்கறோம்."

கலெக்டர் கண் கலங்கினார் என்று இப்போதும் சொல்வார்கள். ரோட்டோரம் இருந்த புறம்போக்கைக் கை நீட்டிக் காட்டினார். கட்டி முடியுங்கள், பார்த்துவிட்டுப் பட்டா தருகிறோம் என்றார். செத்த சிப்பாய்க்கு என்று கேட்டதால் ஊர்க்காரர்களால் அந்த இடத்தில் ஒன்றும் பேச முடியவில்லை. ஊர்க் கணக்கு பார்க்கிற கரணம் மட்டும் தரையைப் பார்த்தார்.

அம்மா என்ன கேட்க வாயெடுத்தாள் என்பது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. "அவர தேடுங்க சாமின்னு கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

அம்மா தாலியைக் கழற்ற மாட்டேன் என்றாள். காலனிப் பெண்கள் வந்து உட்கார்ந்து பேசினார்கள். அவர் செத்தார் என்பதை விட, அவள் தாலியோடு நிற்பது அவர்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது. "கலெக்டரே ஒத்துக்கினு எடம் காட்டிட்டுப் போயிருக்காரு. நீ கழுத்துல போட்டுக்கினு நின்னா, ஊர்க்காரன் இன்னா சொல்லுவான்? செத்தவன் பொண்டாட்டியே நம்பல, உங்களுக்கு எதுக்குடா எடம்னு கேப்பான்" என்றாள் என் அத்தை. நைனாவின் கூடப்பிறந்த அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வந்ததும் அம்மா தானே கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். கழுத்தில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுப்பாக ஒரு கோடு தெரிந்தது.

பிறகு கோயில் வேலை. அந்தக் கோடை மாதிரி ஒன்று நமக்கு வாய்க்கவே இல்லை என்று நீங்கள் சொல்வது சரிதான். கரட்டில் ஆண்கள் கல் உடைத்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். சுண்ணாம்புக் காளவாயிலிருந்து கிளம்பிய புகை கண்ணைக் கரித்தது. சுண்ணாம்பு பட்டு எல்லார் விரல்நுனியும் வெடித்திருந்தது. மத்தியானம் பொதுச் சட்டியில் கேழ்வரகுக் கூழ், மாந்தோப்பில் உதிர்ந்த பிஞ்சில் ஊறுகாய். கல் சுமந்தவர்கள் தோளில் ரத்தம் கட்டியிருந்தது, உபதேசியார் தோளிலும்தான். ஆனாலும் எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் வந்து பிரிக்க முடியாத ஒன்றை முதல் தடவையாகக் கட்டுகிறோம் என்ற சந்தோஷம். வெள்ளைப் புடவையோடு அம்மாவும் வரிசையில் நின்றாள். அவள் பக்கத்தில் மட்டும் பேச்சு கொஞ்சம் அடங்கும்.

நாமும் விளையாடினோம். மணல் குவியலின் மேல் சண்டை விளையாட்டு. நீங்கள் எல்லாரும் பட்டாளத்துக்காரர்கள், நான் என் நைனா. நான் சாக வேண்டும். சரியாகச் சாகவில்லை என்று மறுபடி மறுபடி என்னைச் சாகச் சொன்னீர்கள். கடைசியில் நான் நன்றாகச் சாகக் கற்றுக்கொண்டேன், எல்லாரும் கை தட்டினீர்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சாந்திபுரம் பக்கத்திலிருந்து ஒரு கருங்கல் பலகை லாரியில் வந்தது. நைனா பேரும், பட்டாளத்தில் அவருக்கு இருந்த எண்ணும், நாட்டுக்காக உயிர் நீத்தவர் என்பதும் தமிழிலும் தெலுங்கிலும் வெட்டியிருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல அவரு பேரு எது?" என்றாள். காட்டினேன். விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "கல்லு சுடுது" என்று கையை எடுத்துவிட்டாள். வெயிலில் கிடந்த கல்.

மேல்தளம் போடுகிற அன்று மத்தியானம் நைனா வந்தார்.

புத்தூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்திருக்கிறார். ஆள் பாதியாகிவிட்டார். மேல் பல் இரண்டு இல்லை, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். தாடியோடு இருந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ரோட்டோரம் இத்தனை பேர் வேலை செய்வதைப் பார்த்து நின்றவர், ஒரு கிழவர் கலவைச் சட்டியைத் தூக்கத் திணறுவதைக் கண்டு பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கை கொடுத்தார். தூக்கிவிட்டுக் கேட்டார்: "யாரு கட்றாங்க கோயிலு? நம்ம ஆளுங்களா?"

அந்தக் குரல். வரிசையில் நின்ற அம்மா திரும்பினாள். கையிலிருந்த சட்டி விழுந்து கலவை அவள் கால் மேல் கொட்டியது. அவள் நகரவில்லை.

நைனா அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். "இன்னாமே இது, வெள்ளைப் பொடவை?" என்றார்.

அன்றைக்கு எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன். தப்பு எடுத்து வந்து அடித்தார்கள், அத்தை அவர் காலைக் கட்டிக்கொண்டு புரண்டாள், உபதேசியார் மணலிலேயே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார். எதிரிகள் பிடித்துக்கொண்டு போய் அடைத்து வைத்திருந்தார்களாம், இப்போதுதான் எல்லாரையும் விட்டார்களாம், கால் ஊனமானதால் பட்டாளமும் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாம். நைனா ஏதேதோ சொல்லிக்கொண்டே கூழ் குடித்தார். நான் அவர் மடியில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி நீங்கள் நின்றுகொண்டு அவர் பல் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் காலையில் உபதேசியாரும் பெரியவர்கள் சிலரும் வீட்டுக்கு வந்தார்கள். யாரும் நைனாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ பொழைச்சு வந்தது கர்த்தரோட கிருபை தம்பி" என்று உபதேசியார் ஆரம்பித்தார். "ஆனா..."

"ஆனா இன்னா ஐயா?"

"கரணம் காதுக்கு அதுக்குள்ள சேதி போயிருக்குது. யாரோ வந்தாங்களாமே, யாருன்னு கேட்டு அனுப்பியிருக்கான். செத்தவருக்குன்னுதான் எடம். பட்டா இன்னும் கைக்கு வரல. நீ உசுரோட இருக்கறது தெரிஞ்சா எடம் போச்சு. கோயிலை இடிக்க வைப்பானுங்க."

நைனா முதலில் சிரித்தார். "அப்ப நான் செத்துப் போவணுமா?"

"அப்படிச் சொல்லாத தம்பி. ரெண்டு மாசம். தாசில்தார் வந்து பார்த்துட்டுப் பட்டா குடுக்கற வரைக்கும் வேற ஊர்ல இரு. அப்புறம் வந்துரு. உன் வூடு எங்க போவுது?"

அம்மா கதவுப் பக்கம் நின்றிருந்தாள். "பட்டாளத்துக்குத் தெரியாதா இவரு வந்தது?" என்று கேட்டாள்.

"பட்டாளத்து சேதி பட்டாளத்தோட. அங்கேருந்து கலெக்டர் ஆபீசுக்கு வந்து, தாலுக்கா ஆபீசுக்கு வர்றதுக்குள்ள நம்ம வேலை முடிஞ்சிரும் தங்கச்சி. அதுவரைக்கும் நீயும் இப்படியே இரு."

இப்படியே என்றால் வெள்ளைப் புடவையோடு. நைனா வெளியே பார்த்தார். வாசலில் ஆண்களும் பெண்களுமாகக் காலனியே நின்றது. எல்லார் விரலிலும் சுண்ணாம்பு வெடிப்பு. அவர் அதைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். "சரி" என்றார். அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், ஏரிக்கரை வழியாகப் போய் பஸ் ஏறினார். திருப்பதியில் ஒரு லாரி ஷெட்டில் வாட்ச்மேன் வேலை.

தாசில்தார் வந்த அன்று கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தது. கரணம் கூடவே வந்தார். தாசில்தார் சுவரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், திருப்தியாகத் தலையை ஆட்டினார். அப்போது கரணம் அவர் காதில் ஏதோ சொன்னார். தாசில்தார் அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏமம்மா, நீ மொகுடு நிஜங்கா சனிபோயினாடா?"

புருஷன் நிஜமாகவே செத்தானா என்று கேட்டார். அம்மாவுக்கு அந்த அளவு தெலுங்கு தெரியும். அவள் கல்லைத் திரும்பிப் பார்த்தாள். காலனி முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா சாமி" என்றாள். "செத்துட்டாரு."

சொல்லிவிட்டு அழுதாள். தந்தி வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுது பார்த்தேன். தாசில்தார் சங்கடப்பட்டுக் கரணத்தை முறைத்தார். கூட்டத்தில் யாரோ மெல்ல, "நல்லா அழுவறா" என்று பாராட்டுகிற மாதிரி சொன்னது எனக்குக் கேட்டது.

பட்டா வந்தது. நைனாவும் வந்தார். ஆனால் அதற்குள் திறப்பு விழாவுக்கு மந்திரி வரப்போவதாகப் பேச்சு. அது முடியட்டும் என்றார்கள். அது முடிந்ததும் வருஷா வருஷம் நினைவு நாள் கொண்டாட வேண்டும், அதற்குப் பட்டாளத்து ஆபீசர் ஒருவர் வருகிறார், அது முடியட்டும் என்றார்கள். நைனா ஒவ்வொரு தடவையும் ஏரிக்கரை வழியாக வந்து ஏரிக்கரை வழியாகவே போனார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் மாறியது. பொழைத்து வந்தது கிருபை என்றவர்கள், கையைத் தூக்கிக்கொண்டு சரண் அடைந்தவன்தானே என்று பேச ஆரம்பித்தார்கள். அப்படிப்பட்டவனுக்கா கல்லு வெட்டினோம் என்றார்கள். நீங்கள் அதைப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் சொன்னீர்கள். இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டிச் சிரித்தீர்கள். குழந்தைகள், வீட்டில் கேட்டதைச் சொன்னீர்கள். அதைக் குற்றமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நினைவு நாளில் கல்லுக்கு மாலை போட அம்மாவைக் கூப்பிட்டார்கள். போட்டாள். மறுநாள் என்னை இட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அத்தை பார்த்துவிட்டு, "எங்கடி போற?" என்று கேட்டதற்கு, "எம் புருஷங்கிட்ட" என்றாள். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடுப்புக்குப் பின்னால் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். பச்சையில் சிவப்புக் கரை போட்ட சின்னாளப்பட்டி. கழுத்தில் தாலி. "எப்படிடி இருக்குது?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது முப்பது வயசுகூட ஆகியிருக்காது என்பதை இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன்.

திருப்பதியில் லாரி ஷெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. டீசல் நாற்றம் சோற்றிலும் அடிக்கும். அங்கேதான் படித்தேன், அங்கிருந்துதான் கல்யாணமாகிப் போனேன். நைனா நம் காலனியைப் பற்றி ஒருநாளும் திட்டிப் பேசியதில்லை. ஆனால் பாடல் எதுவும் பாட மாட்டார், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்கும் வர மாட்டார். குரலும் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். ஒருநாள் நான் கல்லூரியிலிருந்து வந்து, இவ்வளவு செய்தவர்களிடம் போய்ச் சண்டை போட்டிருக்கலாமே என்று கத்தினேன். "பட்டா வாங்கிட்டாங்க இல்ல?" என்றார். "நான் சண்டைக்குப் போய் இன்னா வாங்கினேன்?"

வயசான காலத்தில் சர்க்கரை வியாதி. முதலில் கால் விரல், பிறகு கால். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "என்ன நம்ம கோயிலாண்ட பொதைச்சிருங்க."

அவர் இறந்ததும் நானும் அம்மாவும் காலனிக்குப் போனோம். உபதேசியார் எப்போதோ காலமாகிவிட்டார். கமிட்டியில் இருந்தவர்கள் யாரும் வெளியார் இல்லை. நம் வயசுக்காரர்கள், நம்மோடு மணல் சுமந்தவர்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், காபி கொடுத்தார்கள். பிறகு ஒருவர் சொன்னார்:

"கல்லறைத் தோட்டத்துல எப்படி வெக்கறது பெரியம்மா? ஊரே பார்த்துக்கினு இருக்கும். செத்தவருக்கு மறுபடி எப்படிச் சாவு? எல்லா வருஷமும் எம்.எல்.ஏ. வந்து மாலை போடறாரு. கோயிலு பேரு கெட்டுப் போயிரும்."

அம்மா எழுந்து நின்றாள். அவளுக்கு முதுகு வளைந்துவிட்டிருந்தது, நிமிர்ந்து பார்க்கக் கஷ்டப்பட்டாள்.

"அன்னிக்கு செத்துட்டாருன்னு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். ஊரே நம்பிச்சு. இன்னிக்கு நெஜமாவே செத்துட்டாருன்னு வந்து சொல்றேன். இப்ப நம்ப மாட்டேங்கறீங்களேடா."

அவள் காபியைத் தொடவில்லை. நைனாவைத் திருப்பதியிலேயே, பெரிய ஊருக்குப் பொதுவான கல்லறைத் தோட்டத்தில், சுவர் ஓரமாகக் கிடைத்த இடத்தில் புதைத்தோம். லாரி ஷெட்டில் வேலை பார்த்த நாலு பேரும் என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் சிலரும் வந்தார்கள். அடுத்த வருஷம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

போன வருஷம் கோயிலுக்குப் பொன்விழா. புதிதாக வந்திருக்கிற போதகர் சின்னப் பையன். போன் பண்ணினார். "தியாகியோட குடும்பத்துல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்கம்மா. கண்டிப்பா வந்துதான் ஆகணும்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது குரலிலேயே தெரிந்தது. போவதில்லை என்றுதான் இருந்தேன். பிறகு, சொல்வதற்கு இனி நான் ஒருத்திதானே இருக்கிறேன் என்று தோன்றியது. போனேன்.

கோயிலே அடையாளம் தெரியவில்லை. நாம் சுமந்த கல்லுக்கு மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். பெரிய திரையில் நைனாவின் பட்டாளத்துப் போட்டோ, மீசையோடு, இருபத்தைந்து வயசில். எனக்குச் சால்வை போட்டார்கள். தியாகியின் மகள் இரண்டு வார்த்தை பேசுவார்கள் என்று மைக்கைக் கொடுத்தார்கள். முன்வரிசையில் நீங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தீர்கள், நரைத்த தலையும் நல்ல சட்டையுமாக.

"எங்க நைனா சண்டையில சாவல" என்றேன். "இந்தக் கோயிலுக்குத் தளம் போட்ட அன்னிக்கு உசுரோட திரும்பி வந்தாரு. பட்டாவுக்காகப் போவச் சொன்னீங்க, போயிட்டாரு. அதுக்கப்புறம் நாப்பது வருஷத்துக்கு மேல திருப்பதியில வாட்ச்மேனா இருந்தாரு. ஒரு காலை எடுத்த பெறவு ஆஸ்பத்திரியில செத்தாரு. இங்க பொதைக்கச் சொல்லிக் கேட்டாரு. நீங்க எடம் குடுக்கல."

போதகர் மெல்ல என் தோளில் கை வைத்தார். மைக்கை என் கையிலிருந்து பக்குவமாக வாங்கிக்கொண்டார். "பாருங்க, இந்த அம்மா மனசுல அவங்க அப்பா இன்னும் சாகவே இல்ல. உயிரோட திரும்பி வந்தாருன்னு நெனைச்சுக்கினே ஒரு மகள் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்காங்க" என்று சொல்லும்போது அந்தப் பையனுக்குக் குரல் தழுதழுத்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள்.

நான் உங்களைப் பார்த்தேன். ஒருவராவது எழுந்து, இவள் சொல்வது நிஜம் என்று சொல்வீர்கள் என்று பார்த்தேன். ஒருவன் போனைப் பார்த்தான். ஒருத்தி பேத்தியின் ஜடையைச் சரி பண்ணினாள். பிறகு நீங்களும் கை தட்டினீர்கள்.